குளிர் இருந்தது, வந்துசேரத்தான் இல்லை

கார் ஏசி குளிரவில்லை என்று எந்தக் கடையில் போய் நின்றாலும் முதலில் காதில் விழுவது "கேஸ் போட்டுருவோம்" என்பதுதான். பானட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். இந்தக் கோடையில் அந்த வார்த்தைக்கும் அதன் பின்னால் வந்த வார்த்தைகளுக்கும் சேர்த்து நான் கொடுத்தது 32,700 ரூபாய். அதில் உண்மையான பழுதைச் சரிசெய்ய ஆனது வெறும் 3,300. மிச்சமெல்லாம் பழுதே ஆகாத சாமான்களை மாற்றியதற்கும், மாற்றிய கையோடு வந்த புதுக் கோளாறை எடுத்ததற்கும் போனது. பழைய கார் வைத்திருப்பவர்களும், அதைவிடத் தனியாகக் கடையில் போய் நிற்கவேண்டியிருக்கும் பெண்களும் இதைப் படித்துவிட்டுப் போனால் அந்தப் பணத்தில் பாதியாவது மிஞ்சும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வண்டி 2008 மாடல் பெட்ரோல் செடான். வீட்டுக்காரர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அந்தக் காலத்து டாப் மாடல் என்பதால் நீலமும் சிவப்பும் போட்ட திருகு குமிழ் இதில் இல்லை. 22, 23 என்று எண் காட்டுகிற பேனல். எண்ணை வைத்துவிட்டால் காற்று எவ்வளவு, குளிர் எவ்வளவு என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். அவர் சவூதியில் தம்மாமுக்குப் போனபின் வண்டி என் பொறுப்பு. திருநெல்வேலி பெருமாள்புரத்தில் வீடு, பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வேலை. அதுபோக கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் அம்மாவை அவ்வப்போது பாளையங்கோட்டைக் கண் டாக்டரிடம் கூட்டிவர வேண்டும். பங்குனி முடியும்போதே வெயில் மண்டையைப் பிளக்கிற ஊர் இது. எழுபது வயது தாண்டிய அம்மாவை ஏசி இல்லாத மூடிய வண்டியில் மத்தியான நேரத்தில் கூட்டிவருவது லேசான காரியமில்லை.

கோளாறு ஆரம்பித்தபோதே மூன்று விஷயங்களைக் கவனித்தேன். காலையில் வண்டியை எடுத்ததும் நன்றாகக் குளிரும். கொஞ்ச தூரம் ஓடி இஞ்சின் சூடேறியதும் வெறும் காற்று வரும், சில நாள் அடுப்படிச் சூடு. இரண்டாவது, சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டுக்குள் 'டக் டக் டக்' என்று கொஞ்ச நேரம் ஒரு சத்தம் வந்து நின்றுவிடும். மூன்றாவதைச் சொன்னால் யாருமே நம்பவில்லை. சேரன்மாதேவி தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் திடீரென்று ஐஸ் காற்று வந்தது; வீரவநல்லூர் வருவதற்குள் போய்விட்டது. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏ பிள்ளே, அந்தச் சனியன நிறுத்திட்டுக் கண்ணாடியத் தொறந்து விடு, ஆத்தங்கரைக் காத்தாவது வரும்" என்றாள். இந்த மூன்றையும் நான் போன ஒவ்வொரு கடையிலும் சொன்னேன். இப்போது யோசித்தால் பழுது என்ன என்பது முழுக்க அந்த மூன்றுக்குள்ளேயே இருந்தது.

முதல் கடை பைபாஸ் ஓரத்தில். சத்தத்தைப் பற்றிச் சொன்னதும், "பழைய வண்டில்லா மேடம், பிளாஸ்டிக் ஆடும்" என்று முடித்துவிட்டார்கள். வேகத்தடைக் கதைக்கு அங்கிருந்த பையன் சிரித்தான். இருந்த கேஸை 'உஸ்ஸ்' என்று வெளியே திறந்துவிட்டு, புது டப்பாவிலிருந்து ஏற்றினார்கள். எடை பார்க்கவில்லை, ஒரு கையால் பைப்பைத் தடவி, "போதும்" என்றார் பெரியவர். 2,000 ரூபாய். பேனலை ஆகக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் காற்றைக் காட்டினார்கள், ஜிலுஜிலுவென்று இருந்தது. இஞ்சின் அதற்குள் ஆறிப்போயிருந்தது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. சமாதானபுரம் வருவதற்குள் பழையபடி சூடு. அதோடு புதிதாக ஒன்று: சிக்னலில் நின்றால் முன்பக்கம் 'டிக்' என்று கம்ப்ரசர் (கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற பம்ப்) நின்றுவிடும், வண்டி நகர்ந்தால் மறுபடி சேரும். வரும்போது இருந்தது ஒரு கோளாறு, போகும்போது இரண்டு.

இங்கே கேஸ் பற்றி ஒரு விஷயம். பெட்ரோல் தீர்வதைப் போல ஏசி கேஸ் ஓடி ஓடித் தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். ரப்பர் குழாய் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் வருஷக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் போவது உண்டுதான். ஆனால் ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் போடவேண்டி வந்தால் ஒழுகல் எங்கே என்று பார்க்காமல் கேஸ் போடுவது காசைக் காற்றில் விடுகிற வேலை. நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்துப் பார்க்கலாம், சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கலாம். கேஸ் போடும் முன் குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிற வாக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி, நிறுத்தி, மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு எடை. பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கும். என் வண்டியில் ஆர்134ஏ, 500 கிராம். எடை மெஷினில் வைத்து ஏற்றுகிற கடைக்குத்தான் போக வேண்டும். அதிகமாகக் குளிரட்டும் என்று கூடுதலாக ஏற்றினால் குளிர் கூடாது, குறையும். அழுத்தம் எல்லை தாண்டியதும் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். நான் சிக்னலில் கேட்ட 'டிக்' அதுதான். அப்புறம், திறந்துவிட்ட அந்தக் கேஸ் ஓசோனை ஓட்டை போடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட எடைக்கு எடை ஆயிரம் மடங்குக்கும் மேல். வெயில் கொடுமை தாங்காமல் ஏசி பார்க்கப்போன இடத்தில் இதுவும் நடக்கிறது.

இரண்டாவது கடை கொஞ்சம் பெரியது. கண்ணாடி ரூம், தண்ணீர் பாட்டில் எல்லாம் உண்டு. கேஸ் அழுத்தம் காட்டுகிற மீட்டர் மாட்டிப் பார்த்தார்கள், அதனால் நம்பிக்கை வந்தது. "கம்ப்ரசர் வீக் மேடம். அதான் நின்னு நின்னு சேருது" என்றார் முதலாளி. அடுத்து வந்தது அந்தக் கேள்வி: "வீட்டுல சார் இருந்தாப் பேசச் சொல்லுங்களேன்." சார் தம்மாமில் ஷிப்டில் இருந்தார். வாட்ஸப்பில் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு ஆம்பளைகளும் என் வண்டியைப் பற்றி, நான் பக்கத்தில் நிற்கும்போதே பேசி முடிவெடுத்தார்கள். போனை வாங்கியதும் அவர் என்னிடம், "ஏளா, தொழில் தெரிஞ்சவங்க, சொல்லுததச் செஞ்சிரு" என்றார். ரீகண்டிஷன் (பழையதைச் சரிசெய்து விற்பது) கம்ப்ரசர், கேஸில் ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர், ஆயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 17,500. பழைய கம்ப்ரசரைக் கேட்டேன். "அதக் குப்பைல போட்டாச்சு" என்றார்கள். பழைய கம்ப்ரசரை ரீகண்டிஷன் செய்பவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று பிற்பாடுதான் கேள்விப்பட்டேன்.

வண்டி அதேபடிதான் இருந்தது. திரும்பப் போனதும், "அப்போ கண்டென்சர் அடைப்பு" என்றார்கள். கேஸின் சூட்டை வெளியே விடுகிற, முன்பக்கம் ரேடியேட்டர் மாதிரி இருக்கும் சாமான் அது. 8,400. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் சரியானது ஒன்று மாட்டும் என்பதுதான் அங்கே நடந்த வைத்தியம். அந்தச் சமயத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், மீட்டர் மாட்டியபோதெல்லாம் போனில் படம் எடுத்துவைத்ததுதான். ஏன் எடுத்தேன் என்றே தெரியாது. ஏதாவது எண் கையில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன்.

அந்த மீட்டரை எப்படிப் பார்ப்பது என்று இப்போது தெரியும், பெரிய வித்தையில்லை. நீலம் தாழ்ந்த அழுத்தம், சிவப்பு உயர்ந்த அழுத்தம். நம்மூர் 38 டிகிரி வெயிலில், இஞ்சினைக் கொஞ்சம் முடுக்கி வைத்துப் பார்த்தால் நீலம் சுமாராக 35 முதல் 50 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு), சிவப்பு 220 முதல் 280 வரை என்பது சரியான நிலை. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். கம்ப்ரசர் உண்மையில் தேய்ந்து போயிருந்தால் நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். இரண்டுமே எகிறி நின்றால் கேஸ் அதிகம், இல்லாவிட்டால் கண்டென்சர் ஃபேன் ஓடவில்லை. இரண்டுமே படுத்துக் கிடந்தால் கேஸ் குறைவு. என் படங்களில் இரண்டுமே எகிறி நின்றது. கம்ப்ரசரைக் குற்றம் சொல்ல அதில் எதுவுமே இல்லை.

மூன்றாவது கடையில் ஒரே வார்த்தை: கூலிங் காயில், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கிற சாமான். டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும், இரண்டு மூன்று நாள் வண்டி நிற்கும், 12,000 ஆகும் என்றார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேலான வண்டியில் டேஷ்போர்டைக் கழற்றினால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் கொக்கிகளெல்லாம் பொலபொலவென்று உடையும். திரும்ப மாட்டினாலும் ஆயுசுக்கும் கடகடவென்று சத்தம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வரும் வழியில் வண்ணார்பேட்டையில் நெரிசல். கண்ணாடியைத் திறந்தால் பஸ் புகை, மூடினால் வேக்காடு. பக்கத்து சீட்டில் அம்மா கண்ணுக்கு மருந்து விட்ட பஞ்சோடு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கையில் இருந்த 27,900 ரூபாய் போயிருந்தது, அடுத்த வருஷத்துக்கு என்று போட்ட சீட்டுப் பணம் அது.

அன்றைக்குப் பிறகு ஒரு முடிவு: அடுத்த கடைக்குப் போவதற்கு முன் நானே கொஞ்சம் அளந்து பார்ப்பது. 250 ரூபாய்க்கு ஒரு குச்சித் தெர்மாமீட்டர், சமையலுக்கு விற்பது. அதை நடு வெண்டில், அதாவது டேஷ்போர்டில் காற்று வருகிற சட்டத்தில், செருகிவைத்துக்கொண்டு ஓட்டினேன். காலையில் எடுத்தவுடன் 10 டிகிரி. இஞ்சின் சூடு காட்டுகிற முள் நடுவுக்கு வந்ததும் ஏற ஆரம்பித்து 29-இல் போய் நின்றது. காற்றின் வேகம் குறையவே இல்லை. கம்ப்ரசர் நிற்காத நேரத்திலும் 29. இஞ்சின் சூடுக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

சம்பந்தம் இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் இரண்டு சின்ன ரேடியேட்டர்கள் உண்டு. ஒன்று கூலிங் காயில், அது குளிர். இன்னொன்று ஹீட்டர், அதற்குள் பெரும்பாலான வண்டிகளில் இஞ்சின் சுடுதண்ணீர் எந்நேரமும் ஓடுகிறது. நமக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்கலாம், வண்டி கேட்காது. காற்று முதலில் கூலிங் காயில் வழியாகப் போய்க் குளிர்ந்து, அப்புறம் ஒரு கதவைச் சந்திக்கிறது. நம்ம கால்வாய்களில் மடைப் பலகை இருக்கிறதல்லவா, அதை இந்தப் பக்கம் தள்ளினால் இந்த வயலுக்குத் தண்ணீர், அந்தப் பக்கம் தள்ளினால் அந்த வயலுக்கு. இந்தக் கதவும் அதே வேலைதான் செய்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் குளிர்ந்த காற்று நேராக வெளியே வரும், மறுபக்கம் சாய்ந்தால் ஹீட்டரைத் தொட்டுவிட்டு வரும், நடுவில் நின்றால் இரண்டும் கலக்கும். பேனலில் 22 என்று வைத்தால் அந்த 22-ஐக் கொண்டுவருவது பெரும்பாலும் இந்தக் கதவுதான். பழைய திருகு குமிழ் வண்டிகளில் கம்பி இழுத்து நகரும். எங்கள் வண்டி ரகத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டி மோட்டார் திருப்பும். ஆணை போனாலும் மடையைத் தூக்குகிற ஆள் வராவிட்டால் தண்ணீர் பாயாது.

ஆகக் கேள்வி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: குளிர் உண்டாகவில்லையா, உண்டான குளிர் நம்மிடம் வந்துசேரவில்லையா? முதலாவது என்றால் வேலை பானட்டுக்குள். இரண்டாவது என்றால் வேலை டேஷ்போர்டுக்குள், கேஸுக்கும் கம்ப்ரசருக்கும் அங்கே வேலையே இல்லை. நான் போன மூன்று கடையிலும் இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிரித்துப் பார்க்கப் பெரிய கருவியெதுவும் தேவையில்லை. ஏசி ஓடும்போது பானட்டைத் திறந்து, உள்ளே போகிற இரண்டு அலுமினியக் குழாயில் பருத்ததைத் தொட்டுப் பாருங்கள் (ஃபேனும் பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும், சேலைத் தலைப்பு, துப்பட்டா பத்திரம்). அது சில்லென்று வேர்த்துப் போயிருந்தால் குளிர் உண்டாகிறது. அடுத்து, இஞ்சின் சூடேறிய பிறகு, பேனலில் ஆகக் குறைந்த எண்ணுக்கும் ஆகக் கூடிய எண்ணுக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். வெண்ட் காற்றில் மாற்றமே இல்லையென்றால் கதவு நகரவில்லை.

மற்றக் கோளாறுகளுக்கு வேறு வேறு அடையாளம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு வழிச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் என்று ஓடும்போது குளிர்ந்து, ஊருக்குள் நின்றால் சூடாகிறது என்றால் கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். ஃபேன், ரிலே, ஃபியூஸ், எல்லாமே சில நூறு ரூபாயிலிருந்து ஆரம்பிக்கிற செலவுதான். நன்றாகக் குளிர்ந்துகொண்டே இருக்கும்போது காற்றின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஏசியைப் பத்து நிமிஷம் நிறுத்தினால் மறுபடி வந்தால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. அங்கே உள்ள வெப்ப சென்சார் பழுதாக இருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். காற்று ஆரம்பத்திலிருந்தே கம்மி என்றால் முதலில் கேபின் ஃபில்டரை (உள்ளே வரும் காற்றை வடிகட்டுவது) உருவிப் பாருங்கள். என் வண்டியில் உருவியபோது வேப்பம்பூவும் சருகும் கைநிறைய வந்தது. வேப்பமர நிழலில்தானே நிறுத்துகிறோம். திசையன்விளை, உவரிப் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்குத் தேரிச் செம்மண் வரும். முன்பக்கம் இடதுபுற மிதியடியில் தண்ணீர் நின்றால், வெறும் தண்ணீரென்றால் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. பிசுபிசுப்பும் இனித்த வாடையும் இருந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள், இஞ்சினுக்கு வினை.

பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி மேலப்பாளையத்தில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனைச் சொன்னாள். ஏசி கடை என்று போர்டுகூட இல்லை. வயசான பாய், மேசையில் மல்டிமீட்டர், ஒரு ரேடியோ. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். 'டக் டக்' சத்தம் என்றதும், "அது எந்தப் பக்கம் கேக்கும்மா, உன் காலுக்கிட்டயா, அந்தப் பக்கமா?" என்று திருப்பிக் கேட்டார். இத்தனை நாளில் அந்தச் சத்தத்தைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆள். வேகத்தடைக் கதைக்கு அவர் சிரிக்கவில்லை. "அப்போ கதவு லூஸாக் கெடக்கு. குலுங்குனா நவுருது" என்றார்.

பானட்டைத் திறந்து பருத்த குழாயில் என் கையைப் பிடித்து வைத்தார். "இந்தா தொட்டுப் பாரு. ஐஸா இருக்கா? குளிருக்கு இங்கன ஒரு கொறையும் இல்ல. உள்ள போயித்தான் கெட்டுப்போவுது." பிறகு ஹீட்டருக்குப் போகிற ரப்பர் குழாயைத் துணி சுற்றிய பிளையரால் நெரித்துப் பிடித்தார். நான் உள்ளே உட்கார்ந்து தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 29, 24, 18, 13, கடைசியில் 11. சுடுதண்ணீர் போவது நின்றதும் குளிர் வந்துவிட்டது. கம்ப்ரசருக்கும் கண்டென்சருக்கும் கொடுத்த பணமெல்லாம் அந்தச் சில நிமிஷத்தில் என் கண் முன்னால் ஓடியது. சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று தெரியவில்லை. இந்தச் சோதனையை நீங்களாகச் செய்தால், குழாய் பழையது என்றால் வெடிக்கும், சுடுதண்ணீர் முகத்தில் அடிக்கும். மெதுவாக, துணி வைத்து, தெரிந்தவர் கையால் செய்வதே நல்லது.

கதவைத் திருப்புகிற அந்த மோட்டார் எங்கள் வண்டியில் டேஷ்போர்டில் சாமான் போட்டுவைக்கும் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. பெட்டியைக் கழற்றி, மூன்று ஸ்குரூ எடுத்தால் கையில் வந்துவிட்டது. டேஷ்போர்டைத் தொடவே தேவையில்லை. உள்ளே இருந்த வெள்ளை நைலான் பற்சக்கரத்தில் இரண்டு பல் இல்லை. சாவி போட்டதும் மோட்டார் கதவைத் தேடிச் சுற்றும், பல் இல்லாத இடத்தில் வழுக்கி வழுக்கி 'டக் டக்' என்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் சலித்து விட்டுவிடும். கதவு நின்ற இடத்தில் நிற்கும். காலையில் குளிர்ந்ததற்குக் காரணம், இஞ்சின் தண்ணீர் அப்போது சூடாகியிருக்காது, கதவு எங்கே நின்றாலும் கலக்க வெப்பமில்லை. மூன்று அடையாளமும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தன.

மோட்டார் வெளியூரிலிருந்து வரவழைக்க 2,600 ஆயிற்று. பழைய மோட்டாரின் மேல் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்து அனுப்பித்தான் வாங்கினோம். மாடல் பெயரை மட்டும் சொன்னால் வேறு கதவுக்கு உரியதைக் கொடுத்துவிடுவார்கள், காற்றை முகத்துக்கும் காலுக்கும் மாற்றுகிற மோட்டாரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாட்டும் முன் கதவின் அச்சைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கதவே இறுகிப்போயிருந்தால் புது மோட்டாரின் பல்லும் உடையும். மாட்டிய பிறகு பேட்டரி வயரைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டி, சாவியைப் போட்டு எதையும் தொடாமல் விட்டார் பாய். கதவின் இரண்டு எல்லையையும் பேனல் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எல்லா வண்டிக்கும் இதே முறை கிடையாது. சில வண்டிகளில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் பேனலே தன் கோளாறுகளை எண்களாகக் காட்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அது இருக்கும், தேடிப் பாருங்கள். கூலி 700. கூடுதலாக ஏறியிருந்த கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து, எடை போட்டு 500 கிராம் ஏற்றுவதற்குத் தெரிந்த கடைக்குக் கூட்டிப்போனார், அங்கே 1,500. வெளியே 38 டிகிரி இருந்த அன்றைக்கு வெண்டில் 9 டிகிரி காட்டியது. நம்மூர் வெயிலில் ஓடும் வண்டிக்கு 7 முதல் 12 வரை வந்தால் நல்ல ஏசி. அதற்குக் கீழே எதிர்பார்த்துக் கடைக்குப் போகாதீர்கள்.

மோட்டார் வரக் காத்திருந்தபோது பாய் வேறொரு வழியும் சொன்னார். ஹீட்டர் குழாய் இரண்டையும் ஹீட்டருக்குப் போகாமல் வெளியிலேயே ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் சூடு என்ற பேச்சே இல்லை, நூறு இருநூறு ரூபாயில் முடியும். பார்ட்ஸ் கிடைக்காத வண்டிக்கு இது போதும். நுனிகளை அடைத்துவிடக் கூடாது, வளைத்து இணைக்க வேண்டும், தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. மழையில் மாஞ்சோலை மலை ஏறினால் கண்ணாடியைப் பனி மூடிக்கொள்ளும். ஏசியும் கொஞ்சம் சூடும் சேர்ந்துதான் அந்தப் பனியை எடுக்கும்.

எண் காட்டுகிற பேனல் வைத்த வண்டிக்காரர்கள் சென்சார்களையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். முன் கண்ணாடி ஓரத்தில் டேஷ்போர்டின் மேல் கறுப்பாக ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், அது வெயில் சென்சார். என் வண்டியில் அதன் மேல் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார், முந்தின சொந்தக்காரர் ஒட்டியது. பிள்ளையார் நிழலில் இருந்த சென்சாருக்கு நட்டநடு மத்தியானமும் வெயிலே தெரியாது, அதற்குத் தக்கபடி குளிரையும் குறைத்துக் கொடுக்கும். மன்னிப்புக் கேட்டு அவரை இடம் மாற்றினேன். ஸ்டியரிங் பக்கம் சின்னச் சல்லடையாக இருப்பது உள்வெப்ப சென்சார், தூசி அடைத்தால் தப்பாகப் படிக்கும். வெளிவெப்ப சென்சார் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும். அதன் வயர் அறுந்தால் சில வண்டிகளில் வெளியே மைனஸ் 40 என்று காட்டும், பனிப்பிரதேசம் என்று நம்பி ஏசியை ஓடவே விடாது. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் மைனஸ் 40.

கடைக்குப் போகும்போது என்ன செய்வது என்று கேட்டால், நான் இப்போது செய்வது இதுதான். தெர்மாமீட்டரை வெண்டில் செருகிய வண்டியோடுதான் போவேன். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அவர்கள் கண் முன்னாலேயே எழுதுவேன். இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே காட்டுவேன், சரியாகிவிட்டது என்றால் இருபது நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம். எந்தச் சாமானை மாற்றச் சொன்னாலும், "இதுதான் பழுது என்று எப்படித் தெரிந்தது?" என்று ஒரு கேள்வி. பதில் எண்ணாகவோ கண்ணால் பார்க்கிறதாகவோ இருக்க வேண்டும். பழைய சாமான் என் டிக்கியில் ஏறியாக வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவேன். "சார் இருந்தாப் பேசச் சொல்லுங்க" என்றால், "வண்டி ஓட்டுறது நான், என்கிட்டயே சொல்லுங்க" என்பேன். முதல் தடவை குரல் நடுங்கியது. இப்போது நடுங்குவதில்லை. வீட்டுக்காரருக்கும் பற்சக்கரத்தின் படத்தை அனுப்பினேன். நெடுநேரம் நீல டிக் மட்டும் இருந்தது, அப்புறம் ஒரு கும்பிடு எமோஜி வந்தது.

மாற்றிய ரீகண்டிஷன் கம்ப்ரசர் இப்போது லேசாக ஊளையிடுகிறது. பழையது அந்தச் சத்தம் போட்டதே கிடையாது. இரண்டாவது கடைக்காரர் கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம் என்கிறார். பாயிடம் கேட்டேன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "குளிருதுல்லா? ஓடுத வரைக்கும் ஓட்டும்மா. எவன் கேட்டாலும் கழத்த மட்டும் விட்டுராத" என்றார்.